வன்னிச் சமையலோடு வைன்: விருந்தை நடத்துவதும் நியாயமாக விலை போடுவதும்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் மதுவரி உரிமத்தோடு விடுதியோ சாப்பாட்டுக்கடையோ நடத்துகிறவர்களுக்கான வழிகாட்டி இது. ஒரு மாலையில் நாலு வட்டமாக நாலு வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஒரு வைன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை என்பதுதான் திட்டம். சமையலில் எங்களுக்குக் குறைவில்லை. விருந்து கெடுவது பெரும்பாலும் சூட்டினாலும், ஊற்றும் அளவினாலும், கடைசியில் வரும் பில்லினாலும்தான். அதனால் அந்த மூன்றுக்குமே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

நாளும் அனுமதியும்

முதல் வேலை உங்கள் பகுதி மதுவரி அலுவலகத்துக்குப் போவது. உங்களிடம் இருக்கும் உரிமம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் பரிமாற அனுமதிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். முற்றத்திலோ குளக்கரையிலோ மேசை போடும் எண்ணம் இருந்தால் அதையும் குறிப்பிட்டே கேளுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க முடியாது. போயா நாளில் விற்பனையே இல்லை.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்கிறது. போத்தல் படம் போட்ட பேஸ்புக் பதிவும், வைன் கம்பனியின் பெயர் போட்ட பதாகையும் வேண்டாம். அறிவித்தலில் சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள். வைன் விபரத்தை, முன்பதிவுக்குத் தாங்களாகவே தொலைபேசி எடுப்பவர்களுக்கு அந்த அழைப்பிலேயே சொல்லுங்கள். அறிவித்தலை ஒட்டுவதற்கு முன் அந்த வாசகத்தையும் மதுவரி அதிகாரியிடம் காட்டுவது நல்லது.

நாள் தெரிவதில் ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் மரக்கறி. வெளிநாட்டில் இருந்து உறவுகள் வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாத குடும்பங்கள் வன்னியிலும் நிறைய. ஆகஸ்ட் 15 மடுமாதா பெருவிழா. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். மே மாத நடுப்பகுதியும் நவம்பர் கடைசி வாரமும் இந்த மண்ணில் நினைவுகூரலுக்கான நாட்கள். அப்போது விருந்து வைக்கவே கூடாது. மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளில் ஒன்றை எடுங்கள்.

எத்தனை பேரை அழைப்பது

மண்டபம் எத்தனை பேரைக் கொள்ளும் என்று தொடங்காதீர்கள். போத்தலில் இருந்து தொடங்குங்கள். சாதாரணப் போத்தல் 750 மில்லிலீற்றர். சுவைத்துப் பார்க்கும் அளவு 75 மில்லிலீற்றர் என்றால் கணக்குக்குப் பத்துப் பேர். ஆனால் கைதவறும், அடியில் கசடு நிற்கும், பரிமாற முன் நீங்களும் மணந்து பார்க்க வேண்டும். அதனால் ஒரு போத்தலுக்கு ஒன்பது பேர், இரண்டு போத்தலுக்குப் பதினெட்டுப் பேர். இருபது பேரைக் கூப்பிட்டால் அந்த இரண்டு பேருக்காக ஒவ்வொரு வகையிலும் மூன்றாவது போத்தல் திறக்க வேண்டும். அதில் முக்கால்வாசி வீணாகும். அந்த நட்டத்தை யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும்.

18 பேருக்கு மூன்று வகை வைன் இரண்டிரண்டு போத்தல், இனிப்போடு கொடுக்கும் போர்ட் (மதுசாரம் கூட்டிய இனிப்பு வைன்) ஒரு போத்தல். போர்ட்டில் மதுசாரம் 19 முதல் 20 சதவீதம் என்பதால் ஆளுக்கு 40 மில்லிலீற்றரே போதும். 18 பேருக்கு 720 வரும், ஒரு போத்தல் சரியாகப் பிடிக்கும். மொத்தம் ஏழு போத்தல். ஒவ்வொரு வகையிலும் ஒன்று மேலதிகமாக வாங்கிவைத்து, திறக்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று விற்பவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த அளவில் ஒருவர் உட்கொள்ளும் தூய மதுசாரம் ஏறத்தாழ 28 கிராம். இரண்டரை மணித்தியாலச் சாப்பாட்டோடு அது அளவானதுதான், ஆனாலும் வண்டி ஓட்டுவதற்கு உகந்ததல்ல. இரவில் மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் மாடும் நிற்கும், யானையும் நிற்கும். முன்பதிவின்போதே எப்படித் திரும்பிப் போவீர்கள் என்று கேளுங்கள். ஒரு வானை வாடகைக்குப் பேசி அந்தச் செலவையும் விலைக்குள் சேர்ப்பதே எங்கள் யோசனை.

எதோடு எது

எங்கள் சாப்பாட்டில் வைனைக் குழப்புவது மூன்று: உறைப்பு, புளிப்பு, மீனின் எண்ணெய்.

மிளகாயின் எரிவை மதுசாரமும் துவர்ப்பும் கூட்டும். 14.5 சதவீதமுள்ள துவர்ப்பான கபர்னே சோவினியோன் என்ற சிவப்பு வைனை நண்டுக்கறியோடு கொடுத்தால் நாக்கு எரியும், வைன் கசக்கும், இரண்டுமே கெட்டதாகத் தோன்றும். உறைப்புக்கு வேண்டியது மதுசாரம் குறைந்த, லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை வைன். 9 முதல் 11 சதவீதத்துக்குள் வரும் அரை இனிப்பு ரீஸ்லிங் இதற்கு நல்ல தெரிவு. அது கிடைக்காவிட்டால் அரை இனிப்புச் செனின் பிளாங்.

புளியும் தேசிக்காயும் சேர்ந்த கறிக்குப் பக்கத்தில், புளிப்புக் குறைந்த வைன் தண்ணீர் மாதிரிப் போய்விடும். சாப்பாட்டின் புளிப்புக்குக் குறையாத புளிப்பு வைனிலும் இருக்க வேண்டும். சோவினியோன் பிளாங், ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன்கள் இரண்டுக்கும் அந்தத் தன்மை உண்டு.

மீனோடு சிவப்பு வைன் குடித்தால் சிலவேளை இரும்பு நக்கிய மாதிரி ஒரு பின்சுவை வரும். வைனில் உள்ள இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்வதால் வருவது அது. சூரை, சாளை போன்ற எண்ணெய் மீன்களிலும் கருவாட்டிலும் இது கூடுதலாகத் தெரியும். அந்த வட்டத்துக்குச் சிவப்பைக் கொண்டுவராதீர்கள்.

இவற்றை வைத்து வன்னிக்குப் பொருந்தும் ஒரு வரிசை:

முதலில் கணவாய்ப் பொரியலோ இறால் பொரியலோ, மேலே தேசிக்காய் பிழிந்து. கூட, இனிப்பில்லாத நுரைக்கும் வைன்: காவா அல்லது புரொசெக்கோ. நுரையும் புளிப்பும் பொரித்த எண்ணெயை வாயிலிருந்து கழுவிவிடும். இந்த வட்டத்தில் மிளகாய்த்தூள் மட்டாக இருக்கட்டும், ஏனென்றால் நுரை உறைப்பைக் கிளப்பும்.

இரண்டாவது முருங்கையிலை போட்ட நண்டுக்கறி, பிட்டோடு. கூட அரை இனிப்பு ரீஸ்லிங். நண்டின் இனிப்பையும் தேங்காய்ப்பாலையும் அது தூக்கிக் காட்டும். கோதுகளைக் குசினியிலேயே உடைத்து அனுப்புங்கள். கையால் சாப்பிடுகிறவர் எண்ணெய்க் கையோடு கிளாஸைப் பிடித்தால் வழுக்கும். மேசைக்கு இரண்டு இடத்தில் தேசிக்காய் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரும் துவாயும் வையுங்கள். நண்டுக்குப் பதில் கூழ் வைக்க வேண்டாம். ஒடியற்கூழ் நல்ல சாப்பாடுதான். ஆனால் சூடாக, புளிப்பாக, உறைப்பாக, திரவமாகவே இருக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் எந்த வைனுக்கும் வேலையில்லை.

மூன்றாவது ஆட்டிறைச்சி அல்லது ஊர்க்கோழி, வறுத்த தூள் போட்டுப் பிரட்டலாக. இங்கேதான் சிவப்பு வருகிறது. துவர்ப்புக் குறைந்த கிரெனாஷ், அல்லது மரப்பீப்பா வாசம் அடிக்காத இளம் ஷிராஸ். ஷிராஸின் மிளகு வாசமும் எங்கள் வறுத்த தூளும் ஒத்துப்போகும். பிரட்டலில் குழம்பு ஓடக்கூடாது. உப்புச் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் உப்புச் சரியாக உள்ள இறைச்சி வைனின் துவர்ப்பை அடக்கும்.

கடைசியாகப் பனங்கட்டி சேர்த்த இனிப்பு, டோனி போர்ட்டோடு (மரப்பீப்பாவில் முதிர்ந்து பழுப்பேறிய போர்ட்). பயத்தம் உருண்டையும் பொருந்தும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வைனை விடச் சாப்பாடு இனிக்கக்கூடாது. இனித்தால் வைன் புளித்துப்போனது போல் இருக்கும். பனங்கட்டியை வழக்கத்தை விடக் காற்பங்கு குறையுங்கள். போர்ட் விலை கூடுதலாகத் தெரிந்தால் 5 சதவீத மதுசாரமுள்ள மொஸ்காட்டோ என்ற இனிப்பு வைன் போடலாம். அப்போது இனிப்பை இன்னும் குறைக்க வேண்டும்.

உறைப்பை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். வருகிறவர்கள் வன்னிச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள். செத்தல் மிளகாயை மூன்றில் ஒன்று குறைத்து, தேங்காய்ப்பாலை அப்படியே விட்டால் போதும்.

நாலு நாளுக்கு முன் ஒரு ஒத்திகை கட்டாயம். அன்றைக்குச் சமைக்கப்போகிறவரே, அதே தூளில், அதே கறியைச் சமைக்க வேண்டும். ஒரு வாய் வைன், ஒரு வாய் கறி, மறுபடி ஒரு வாய் வைன். இரண்டாவது வாய் முதல் வாயை விட மோசமாக இருந்தால் மிளகாயைக் குறையுங்கள் அல்லது வைனை மாற்றுங்கள். முதல் வாயை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

குடிக்காதவர்களும் மேசையில் இருப்பார்கள். அவர்களுக்குச் சோடா கொடுத்துச் சமாளிக்காமல் அதே கவனத்தோடு ஒரு வரிசை அமையுங்கள்: தேசிக்காய் இஞ்சித் தண்ணீர், நன்னாரி, பருவத்தில் கருப்பநீர். குடிக்கிறவர்களுக்கு, உரிமம் பெற்ற இடத்தில் வாங்கிய போத்தல் கள்ளை முதல் வட்டத்தில் நுரை வைனுக்குப் பதிலாகக் கொடுக்கவும் முடியும். பொரியலோடு அது அருமையாகப் போகும். உங்கள் உரிமம் கள்ளுக்கும் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஐஸும்

புத்தகங்களில் சிவப்பு வைனை ‘அறை வெப்பநிலையில்’ கொடுக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை. எங்கள் மண்டபத்தில் இரவு எட்டு மணிக்கும் 29, 30 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் சிவப்பு வைன் சாராய வாசம் அடிக்கும், பழ வாசம் மறைந்துபோகும். வேண்டிய அளவுகள்: நுரை வைன் 6 முதல் 8 பாகை செல்சியஸ், வெள்ளை 8 முதல் 10, துவர்ப்புக் குறைந்த சிவப்பு 14 முதல் 16, டோனி போர்ட் 14. கிளாஸில் ஊற்றிய 75 மில்லிலீற்றர் சில நிமிடங்களிலேயே சூடேறும் என்பதால், எல்லாவற்றையும் இரண்டு பாகை கூடுதலாகக் குளிர வைத்தே மேசைக்குக் கொண்டுபோங்கள்.

வெறும் ஐஸ்கட்டிக்குள் போத்தலைச் செருகினால் இடையில் காற்று நிற்கும், மெதுவாகத்தான் குளிரும். பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, போத்தல் கழுத்து வரை மூழ்க வேண்டும். வெள்ளை வைன் 20 முதல் 25 நிமிடத்தில் தயார். சிவப்புக்கு 10 முதல் 12 நிமிடம் போதும். குளிர்சாதனப் பெட்டியில் இதே வேலைக்கு மூன்று மணித்தியாலம் வரை போகும், மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. ஏழு போத்தலுக்கு 15 கிலோ ஐஸ் போதும். மீன் வாடிக்குப் போகும் கட்டி ஐஸ் போத்தல் குளிர வைக்க நல்லது, மலிவும்கூட. குடிக்கும் தண்ணீருக்குள் மட்டும் அதைப் போடக்கூடாது.

கொழும்பில் இருந்து போத்தல்களை எடுக்கும்போது பகல் லொறியில் போடாதீர்கள். 30 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்தால் உள்ளே வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், வாசமும் அவிந்த பழம் மாதிரி மாறும். இரவு வண்டி, றெஜிபோம் பெட்டி, வந்ததும் இருட்டான குளிர்ந்த அறை. தக்கை வெளியே துருத்தியிருந்தால், கழுத்தில் ஒழுகிய பிசுபிசுப்பு இருந்தால், அந்தப் போத்தலை ஏற்க வேண்டாம். திருகுமூடி போட்டதையே தெரிவது எங்கள் காலநிலைக்குப் புத்தி. தக்கை வாசம் பிடிக்கும் தொல்லை அதில் மிகக் குறைவு.

பரிமாற அரை மணிக்கு முன் ஒவ்வொரு போத்தலையும் திறந்து 20 மில்லிலீற்றர் ஊற்றி மணந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெடுத்தது. வினாகிரி வாசமோ நிறம் மங்கிய பழுப்போ என்றால் காற்றுப் பட்டது. இரண்டையும் மேசைக்கு அனுப்பாதீர்கள். நுரை வைனை மட்டும் கடைசி நிமிடத்தில் திறவுங்கள்.

கிளாஸ் பற்றிச் சுருக்கமாக: ஆளுக்கு இரண்டு, மொத்தம் 36, உடைவுக்கு நாலு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். சூடான தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு அலசி, வடிகட்டிய தண்ணீரில் கடைசியாகக் கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். அட்டைப்பெட்டிக்குள் கவிழ்த்து வைத்த கிளாஸ் அட்டை வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிளாஸில் 75 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து விட்டு, வெளியே ஒரு நூல் கட்டுங்கள். ஊற்றுகிற பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகட்டும்.

விருந்தின் விலை

கீழே வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் கொள்வனவு விலையைப் போட்டுப் பாருங்கள்.

நுரை வைன் போத்தல் 5,500 ரூபாய், ரீஸ்லிங் 6,500, கிரெனாஷ் 6,000, இவை இரண்டிரண்டு. போர்ட் ஒன்று 9,000. மொத்தம் 45,000, ஆளுக்கு 2,500. சமையல் பொருட்கள் ஆளுக்கு 2,500. ஐஸ், வாடகைக் கிளாஸ், மேலதிகமாகப் பரிமாறும் இருவர், வான் எல்லாம் சேர்த்து 18,000, ஆளுக்கு 1,000. ஆக ஆளுக்கு அடக்கம் 6,000.

விலை 9,500 என்று வைத்தால், ஒவ்வொருவரும் தரும் பணத்தில் சாப்பாட்டுப் பொருள் போக 7,000 மிஞ்சும். வைனும் மற்றச் செலவுமான 63,000 எப்படியும் போகிற காசு. அதை ஈடுசெய்ய ஒன்பது பேர் வேண்டும். 18 பேரும் வந்தால் மிச்சம் 63,000. மூன்று பேர் கடைசி நேரத்தில் வராவிட்டாலும் 42,000 நிற்கும். பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு முன் ஒன்பது பேர் சேரவில்லையென்றால் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

விலையைப் பிரித்துக் காட்டுங்கள்: சாப்பாடு 5,000, வைன் 4,500. குடிக்காதவரிடம் சாப்பாட்டு விலையும் அவருடைய பானத்துக்குச் சிறு தொகையும் மட்டும். இதைச் செய்யாத இடங்களில், குடிக்காதவர் பக்கத்தில் இருப்பவரின் வைனுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அது அநியாயம்.

வழமையான நாட்களில் போத்தல் விலை

உணவகங்களில் பரவலாக உள்ள பழக்கம் கொள்வனவு விலையை மூன்றால் பெருக்குவது. 6,000 ரூபாய்ப் போத்தல் 18,000 ஆகும், 15,000 ரூபாய்ப் போத்தல் 45,000 ஆகும். முதலாவதில் கடைக்கு 12,000, இரண்டாவதில் 30,000. திறக்கும் வேலை ஒன்று, கழுவும் கிளாஸ் ஒன்று, ஐஸும் ஒன்றே. இறக்குமதி வைனின் விலையில் பெரும் பங்கு வரி. மூன்றால் பெருக்கும்போது அரசாங்கத்துக்குப் போன வரியையும் சேர்த்து மூன்று மடங்காக வாடிக்கையாளரிடம் வாங்குகிறோம். நல்ல வைனை யாரும் தொடாமல் அது தட்டிலேயே சூட்டில் கிடந்து பழுதாவதற்கும் இதுதான் காரணம்.

பெருக்க வேண்டாம், கூட்டுங்கள். மாதத்தில் வைனால் வரும் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள்: உரிமத்தின் பங்கு, குளிரூட்டும் மின்சாரம், ஐஸ், உடைவு, ஆள் கூலி. அது 75,000 என்று வையுங்கள். வைனில் எதிர்பார்க்கும் இலாபம் 60,000. மாதம் 30 போத்தல் விற்றால் 1,35,000 ஐ 30 ஆல் வகுக்க 4,500. ஒவ்வொரு போத்தலின் கொள்வனவு விலையோடும் அந்த 4,500 ஐக் கூட்டுங்கள். 6,000 போத்தல் 10,500, 15,000 போத்தல் 19,500. மலிவான போத்தலுக்கு இந்தக் கூட்டல் பாரமாகத் தெரிந்தால், 4,500 க்குக் கீழே வாங்கியவற்றுக்கு விலையை இரட்டிப்பாக்குவதோடு நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் பாருங்கள். விற்பனை 20 போத்தலாகக் குறைந்தால் 4,500 போதாது.

கிளாஸ் விலைக்கும் ஒரு பழைய பழக்கம் உண்டு: முதல் கிளாஸிலேயே போத்தலின் கொள்வனவுக் காசை எடுத்துவிடுவது. 6,000 போத்தலில் ஒரு கிளாஸ் 6,000. அதை விட்டுவிடுங்கள். 150 மில்லிலீற்றராக ஐந்து கிளாஸ். 10,500 ஐ ஐந்தால் வகுத்தால் 2,100, வீணாவதற்குப் பத்து வீதம் சேர்த்து ஏறத்தாழ 2,300. திறந்த போத்தல் மூன்று நாளைக்கு மேல் நில்லாது என்பதால் கிளாஸ் கணக்கில் விற்பது இரண்டு வகை மட்டும் இருக்கட்டும். ஆட்கள் குறைவான இடத்துக்கு 3 லீற்றர் பெட்டி வைன் பொருத்தம்: உள்ளே பை சுருங்குவதால் காற்றுப் படாது, குளிரில் நாலு வாரம் வரை நிற்கும், 20 கிளாஸ் வரும். பெட்டியில் இருந்து ஊற்றுவதை மறைக்க வேண்டியதில்லை.

10 வீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 வீத வற் வரியும் சேர்ந்தால் 10,000 ரூபாய் 12,980 ஆகிவிடும். பட்டியலில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை என்றால் மனிதருக்கு ஏமாந்த உணர்வுதான் வரும். எல்லாம் உட்பட்ட விலையை மட்டும் அச்சிடுங்கள். வற்றுக்குப் பதியாத கடை வற் அறவிட முடியாது. சேவைக் கட்டணம் என்று எடுத்தால் அது பரிமாறியவர்களின் கைக்குப் போக வேண்டும்.

பட்டியலில் திராட்சை வகை, நாடு, ஆண்டு, போத்தல் அளவு, கிளாஸ் அளவு, விலை போட்ட திகதி ஆகியவை இருக்கட்டும். டொலர் ஏறினால் புதிதாக வாங்கிய போத்தலுக்குப் புது விலை போடுங்கள். பழைய விலைக்கு வாங்கிய இருப்பை அதே விலையில் விற்று முடியுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சொந்தப் போத்தலோடு வருவார்கள். உரிமம் இடம் கொடுத்தால் திறக்கும் கட்டணம் வையுங்கள். உங்கள் கூட்டல் தொகை 4,500 என்றால் கட்டணம் 3,000 அளவில் நிற்கலாம், கிளாஸும் ஐஸும் அதற்குள். தொகையைப் பட்டியலிலேயே அச்சிட்டுவிட்டால் மேசையில் பேரம் வராது.

அன்று மாலை

ஏழு மணிக்கு அழைத்தால் ஏழரைக்குத்தான் எல்லோரும் இருப்பார்கள். அதற்கேற்பப் பொரியல் எண்ணெயைச் சூடாக்குங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் வைன் முதலில், சாப்பாடு மூன்று நிமிடம் கழித்து. வைனைப் பற்றிப் பேசுவது ஒரு நிமிடத்துக்குள்: என்ன திராட்சை, எந்த நாடு, எதற்காக இந்தக் கறியோடு. வட்டத்துக்கு வட்டம் 30 நிமிடம். ஆளுக்கு ஒரு லீற்றர் குடிநீர். ஊற்றினதைக் குடிக்க விருப்பமில்லாதவர் கொட்டுவதற்கு மேசைக்கு ஒரு மூடியுள்ள சட்டி. மேலதிகமாகக் கேட்பவருக்குக் கிளாஸ் விலையைச் சொல்லிவிட்டே ஊற்றுங்கள், ஏற்கெனவே தடுமாறுகிறவருக்கு விலை சொல்லவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம்.

மிஞ்சிய வெள்ளை வைனைச் சிறிய போத்தலில் நிரம்ப விட்டு மூடிக் குளிரில் வையுங்கள். மூன்று நாளுக்குள் கணவாய்க் கறிக்கு விடலாம். போர்ட் ஒரு மாதம் நிற்கும். மறுநாள் காலையிலேயே எத்தனை மில்லிலீற்றர் மிஞ்சியது, எந்தக் கறி தட்டில் திரும்பி வந்தது என்று எழுதி, திறக்காத போத்தல்களைத் திருப்பி அனுப்புங்கள்.